நாற்பத்தெட்டுக் காலும் ஒரு புருவமும்

நவம்பர் 3, ஞாயிறு

சிறுநீர் சரி. காய்ச்சல் இல்லை. முதுகில் புதிதாகச் சிவப்பு எதுவும் இல்லை.

இதை மட்டும் தினமும் எழுதி வைக்கத்தான் டாக்டர் இந்த நோட்டை வாங்கச் சொன்னார். மற்றதையெல்லாம் நான் யாரிடம் போய்ச் சொல்வது? சுவரிடமா? இதிலேயே எழுதுகிறேன். டாக்டர் படித்தால் படிக்கட்டும்.

இன்று மச்சாண்டார் வந்தார். என் கணவர் வெள்ளிங்கிரிக்குக் கூடப் பிறந்த ஒரே அண்ணன், மருதாசலம். கையில் ஒரு பை ஆப்பிள். மூக்குக் குழாயில் கஞ்சி போகிற மனுஷனுக்கு ஆப்பிள்! வாங்கி வைத்தேன். என்ன செய்ய?

கட்டில் கால்மாட்டில் நின்றுகொண்டு, இவருடைய முகத்துக்கு நேராகவே சொல்கிறார்: "அம்மிணி, போத்தனூர்ப் பக்கம் ஒரு ஹோம் பாத்துட்டு வந்திருக்கறேன். நல்லாக் கவனிக்கறாங்க. ஒரு கட்டில் காலியாகுது. மார்கழி பொறந்துட்டா எதையும் ஆரம்பிக்க முடியாது. அதனால கார்த்திகை கடைசி நாள் கொண்டுபோய் விட்டர்லாம். ஞாயித்துக்கெழமதான் வருது, தோதா இருக்குது."

"அவருகிட்டக் கேட்டீங்களா மாமா?"

"அவன்கிட்ட என்னத்தக் கேக்கறது? அவனுக்கு ஒண்ணும் வெளங்கறதில்ல அம்மிணி. உனக்குத்தான் வெளங்கற மாதிரித் தெரியுது."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. மார்ச்சில் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து இவர் விழுந்தபோது கையும் காலும் வாயும் போயின. புத்தி போகவில்லை. கண் மேலும் கீழும் அசைகிறது. வலது புருவம் தூக்குகிறது. தொண்டையிலிருந்து "ம்ம்" என்று ஒரு சத்தம் வருகிறது. நான் கேட்டால் புருவத்தைத் தூக்குவார். ஆனால் கேட்காதபோதும் அந்தப் புருவம் சும்மா துடிக்கும். அதை வைத்துக்கொண்டு டாக்டரும், "தானா நடக்கற துடிப்பாவும் இருக்கலாம்மா" என்று சொல்லிவிட்டார். போதாதா இவர்களுக்கு!

"அவரையே சொல்ல வெக்கறனுங்க மாமா. அன்னிக்கு வாங்க. நீங்களே கேளுங்க. வரமாட்டேன்னு அவரே சொல்லுவாரு," என்றேன்.

மச்சாண்டார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்கும் சேர்த்து ஒரு கட்டில் சொல்லிவைக்கலாமா என்கிற பார்வை.

நவம்பர் 5, செவ்வாய்

சிறுநீர் சற்றுக் குறைவு. தண்ணீர் கூட்டிக் கொடுத்தேன்.

நான் ஒன்றும் பைத்தியக்காரி இல்லை. பம்ப் செட்டுக்குக் கண்ட்ரோலர் செய்கிற கம்பெனியில் இருவரும் வேலை பார்த்தோம். சிப்புக்குள் ஓடுகிற புரோகிராம் எழுதுவது நான். அந்தச் சிப்பைப் போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைக்கிற பிரிவுக்குத் தலைமை இவர். நான் எழுதுவேன், அவர் ஒட்டுவார். ஒட்டியது சரியில்லை என்றால் 'ரிஜெக்ட்' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவார். யார் செய்ததென்று பார்க்கமாட்டார். வீட்டிலும் அப்படித்தான். சாம்பாரில் புளி தூக்கலாக இருந்தால் வாயைத் திறந்து திட்டமாட்டார். "ரிஜெக்ட்," அவ்வளவுதான். எத்தனை நாள் கரண்டியை வீசியிருப்பேன்!

மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் ஒரு சென்சர். புருவம் தூக்கினால் அதற்குத் தெரியும். கட்டிலுக்கு எதிரே ஒரு டேப்லெட்டில் எழுத்துகள் வரிசை வரிசையாக ஒளிரும். வேண்டிய வரிசை வரும்போது தூக்கினால் அது நிற்கும். அப்புறம் வேண்டிய எழுத்து. சும்மா துடிக்கிற துடிப்பைத் தள்ளிவிட்டு, வேண்டும் என்று தூக்குவதை மட்டும் எடுக்கப் புரோகிராம் எழுதிவிட்டேன். கடையில் கிடைக்கும் ரெடிமேட் போர்டில் போட்டு, என் புருவத்தில் பார்த்தும்விட்டேன். ஓடுகிறது.

ஆனால் அந்தப் போர்டின் கனத்துக்குக் கண்ணாடி அவர் மூக்கிலிருந்து வாய்க்கு இறங்குகிறது. போர்டை மேசையில் வைத்து நீள ஒயர் இழுக்கலாம் என்றால், படுக்கைப்புண் வராமல் இருக்கப் போட்டிருக்கும் காற்று மெத்தையின் மோட்டார் அந்த ஒயருக்குள் புகுந்து இரைகிறது. ஆக, சிப் சென்சர் பக்கத்திலேயே, கண்ணாடிக் காம்பிலேயே இருந்தாக வேண்டும். சுண்டுவிரல் நகமளவு சிப். நாலு பக்கமும் சேர்த்து நாற்பத்தெட்டுக் கால். காலுக்கும் காலுக்கும் அரை மில்லிமீட்டர்.

ஒட்டுகிறவர் படுத்துக் கிடக்கிறார். எழுதுகிறவள் ஒட்ட வேண்டும். நல்ல நியாயம்!

நவம்பர் 10, ஞாயிறு

காய்ச்சல் இல்லை. மலம் போகவில்லை. எனிமா.

போர்டு வந்துவிட்டது. சிப் காந்திபுரத்தில் ஜெயராஜ் கடையில் வாங்கினேன். இந்தச் சனியன் பிடித்த சிப்பில் பெயரை அடித்திருக்கிறான் பாருங்கள், எறும்பு படிக்கவா? மனுஷர் படிக்கிற மாதிரி அடித்தால் என்ன குறைந்துவிடும்? சாளேசுரக் கண்ணாடி போட்டுக்கொள் என்று என் தங்கச்சி போனில் சொல்கிறாள். எனக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது. எழுத்துதான் சின்னதாக இருக்கிறது.

அதற்காக ஒரு மைக்ராஸ்கோப் கேமரா வாங்கினேன். அதை டிவியில் மாட்டினால் சிப் தோசைக்கல் அளவுக்குத் தெரிகிறது. டிவி ஹாலில், அவர் கட்டிலுக்கு எதிரே இருக்கிறது. அதனால் சாப்பாட்டு மேசையைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஃபேன் போட்டால் சாமான் பறக்கிறது. ஃபேன் கிடையாது.

சிப்பை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதற்கு அடையாளம் உண்டு. போர்டில் ஒரு மூலையில் புள்ளி. சிப்பிலும் ஒரு மூலையில், விரலால் அமுக்கியது போல வட்டக் குழி. குழியைப் புள்ளிக்கு நேராக வைக்க வேண்டும். இது தெரியாதா எனக்கு!

சிப்பை டிவியில் காட்டி, நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருக்கிறேன். இவர் பின்னாலிருந்து "ம்ம்... ம்ம்..." கை ஆடிப்போகிறது. "என்னங்க வேணும்? தண்ணியா? திருப்பிப் படுக்க வெக்கோணுமா?" எதற்கும் நிற்கவில்லை. கேமராவைக் கழற்றிவிட்டு டிவியில் சீரியலைப் போட்டேன். அடுத்த நொடி கப்சிப்.

சீரியல்! கம்பெனியில் இருந்த காலத்தில் சீரியல் பார்க்கிறவர்களைக் கேலி பண்ணின வாய். ஆகட்டும், பார்க்கட்டும்.

நவம்பர் 11, திங்கள்

சீரியல் முடிந்த பிறகு ஒட்டினேன். பற்றவைக்கிற அயர்னை ஒரு வரிசைக் கால்மேல் இழுத்துக்கொண்டே போக வேண்டும். அவர் செய்தால் வெண்ணெய் தடவுகிற மாதிரி இருக்கும். நான் செய்தேன், நாலு கால் ஒன்றாக ஒட்டிக்கொண்டது. செம்புப் பின்னலை வைத்து உறிஞ்சி எடுத்தேன். ஒரு கால் வளைந்தது, நிமிர்த்தினேன். விரலில் சூடு வாங்கியது தனிக் கதை. இட்லியும் கருகியது. அது அடுப்பின் கோளாறு.

மின்சாரம் கொடுத்தேன். உயிர் வரவில்லை. தொட்டுப் பார்த்தால் சிப் கொதிக்கிறது.

நவம்பர் 16, சனி

முதுகில் லேசாகச் சிவப்பு. இரவெல்லாம் இரண்டு மணிக்கொரு முறை திருப்பித்தான் போடுகிறேன், பிறகும் எப்படி வருகிறது?

இரண்டாவது சிப் ஒட்டினேன். கால் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒன்றோடொன்று ஒட்டவில்லை. என் ஒட்டில் குறையே இல்லை. மின்சாரம் கொடுத்தால் மறுபடியும் கொதிக்கிறது. ஒட்டுகிற நேரம் முழுக்க அவர் "ம்ம்" பாட்டு. அவ்வளவு சீரியல் பைத்தியம்!

எனக்கு விளங்கிவிட்டது. டூப்ளிகேட் சரக்கு. பழைய போர்டிலிருந்து பிடுங்கின சிப்பைத் துடைத்து, புதிது என்று தலையில் கட்டுகிறார்கள்.

நவம்பர் 19, செவ்வாய்

பக்கத்து வீட்டு அம்மாவை உட்கார வைத்துவிட்டுக் காந்திபுரம் போனேன். கடை நிறையக் கூட்டம். இன்னும் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏனுங் ஜெயராஜ், நம்பி வர்றவங்களுக்குத்தான் டூப்ளிகேட்டக் குடுப்பீங்களா?"

"அக்கா, மெதுவாங்க்கா. எந்தச் சிப்பு?"

எடுத்துப் போட்டேன். திருப்பிப் பார்த்தார். "ஒரே ரோல்ல வந்த சரக்குங்க்கா. காலேஜ் பசங்களுக்கெல்லாம் இதத்தான் குடுக்கறேன். யாரும் திரும்பி வரல. ஒட்டறப்ப ஏதாச்சும்..."

"ஒட்டறப்ப என்ன? பொம்பளைன்னா ஒட்டத் தெரியாதா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலீங்க்கா..."

"என்ற வீட்டுக்காரரு எத்தனை போர்டு ஒட்டியிருக்காரு தெரியுமா உங்களுக்கு?"

"வெள்ளிங்கிரி அண்ணனத் தெரியாதுங்களாக்கா? அவரு எப்படி இருக்காரு?"

அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது அவர். இன்னும் இரண்டு சிப்பைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன் என்று வாசலில் நின்று சொன்னேன். சொல்ல வேண்டியதுதானே!

நவம்பர் 24, ஞாயிறு

காய்ச்சல் இல்லை. எனக்குத்தான் இடுப்பு வலி. பாத்ரூமில் வழுக்கிவிட்டது. தரை பாசி பிடித்திருக்கிறது. அதைத் தூக்கக் கலக்கம் என்கிறாள் தங்கச்சி, ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு.

மச்சாண்டார் ஆப்பிளோடு வந்தார். ஹோமில் கட்டில் சொல்லி வைத்தாயிற்றாம். வேனும் பேசியாயிற்றாம். "நீ கண்ணாடியில போய்ப் பாரு அம்மிணி, எப்படி ஆயிட்டேன்னு," என்கிறார். என் முகத்தைப் பற்றி இவரை யார் கேட்டது?

அவர் போன பிறகு மூன்றாவது சிப்பை ஒட்டினேன். கொதிக்கிறது.

நவம்பர் 28, வியாழன்

சிறுநீர் சரி. முதுகுச் சிவப்பு ஆறிவிட்டது. இன்றைக்கு மற்றது நீளம், டாக்டர் மன்னிக்கட்டும்.

இன்று காலை, மிச்சமிருந்த ஒரே சிப்பைப் போட்டோ எடுத்து, கோர்ட்டுக்கு ஆதாரமாக வைத்துக்கொள்ளலாம் என்று மைக்ராஸ்கோப்பில், மூன்றாவது சிப்பைக் கழற்றிய போர்டின் மேலேயே வைத்தேன். டிவியில் தோசைக்கல் அளவுக்கு வந்தது. இவர், "ம்ம்."

"போட்டோ எடுத்துட்டு உங்க சீரியலப் போட்டுத் தொலைக்கறேன், இருங்க!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் ஒரு போட்டோ, இந்தப் பக்கம் ஒரு போட்டோ என்று சிப்பை ட்வீசரால் திருப்பினேன். "ம்ம்." மறுபடி திருப்பினேன். "ம்ம்." இன்னொரு தரம் திருப்பினேன்.

சத்தமில்லை.

தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன். கண் டிவி மேலேயே இருக்கிறது. முழித்துக்கொண்டு.

சீரியல் போடவில்லையே! சிப்தானே இன்னும் டிவியில் இருக்கிறது?

அடுத்த பக்கம் திருப்பினேன். "ம்ம்." இன்னும் ஒரு சுற்று முழுக்க. "ம்ம்", "ம்ம்", "ம்ம்", அப்புறம் அதே இடத்தில் கப்சிப். வேண்டுமென்றே வேகமாகவும் மெதுவாகவும் மாற்றி மாற்றித் திருப்பினேன். ஏமாறவில்லை. அந்த ஒரு நிலையில் மட்டும் வாயை மூடிக்கொள்கிறார்.

எழுந்து போய், போர்டு மாட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த அவருடைய சாளேசுரக் கண்ணாடியை என் மூக்கில் போட்டுக்கொண்டு சிப்பை வெறும் கண்ணால் பார்த்தேன். (அவர் பவர் எனக்கு எப்படிச் சரியாகிறது என்பதை இன்னொரு நாள் யோசிக்கிறேன்.) நான் பார்த்துப் பார்த்து வைத்த வட்டக் குழி, அச்சில் வார்க்கும்போது விழுகிற தழும்பு. அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. உண்மையான அடையாளம் வேறொரு மூலையில், ஊசி குத்தியது போலச் சின்னப் புள்ளி. அது போர்டின் புள்ளிக்கு நேராக வருகிற நிலையில்தான் இவர் சும்மா இருந்திருக்கிறார்.

மூன்று சிப்பையும் திருப்பி ஒட்டிக் கொன்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து, "அப்படி இல்லடி, அப்படி இல்லடி" என்று இந்த மனுஷர் தொண்டை நோகச் சொல்லியிருக்கிறார். நான் சீரியல் போட்டேன். தினமும். அவருக்குப் பிடிக்காத சீரியலை. வாயை மூடிக்கொண்டு பார்த்திருக்கிறார், வேறு வழி?

அழுதேன் என்று எழுதமாட்டேன். அவர் நெற்றியில் என் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். "இவ்வளவு தெரிஞ்சுக்கிட்டுக் கல்லு மாதிரிப் படுத்திருந்தீங்களே!" என்று திட்டவும் செய்தேன்.

உடனே மச்சாண்டாருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"என்னமோ சத்தம் போட்டிருப்பான் அம்மிணி. நீயா ஒண்ணு நெனச்சுக்காத."

போனை வைத்துவிட்டேன். நான் சொன்னால் அது என் கற்பனை. டாக்டர் சொன்னால் துடிப்பு. இருக்கட்டும். அவரே சொல்லட்டும்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஜெயராஜ் கடைக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்தான். ஆனால் வாசலில் நின்று கத்தினது நான்.

"ஜெயராஜ், சரக்கு நல்ல சரக்குதான். நாந்தான் திருப்பி ஒட்டிட்டேன்."

"அந்தப் பெரிய குழியப் பாத்து வெச்சீங்களாக்கா?" என்று சிரித்தார். "வாரம் ஒருத்தராச்சும் அதே சண்டைக்கு வர்றாங்க்கா. நான் அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க விடல."

"ஒரு சிப்புக்கு எதுக்குங்க ரெண்டு குழி வெக்கறானுங்க? அறிவு வேண்டாம்?"

"வாஸ்தவந்தானுங்க்கா," என்றார். ஒரு கால்கூட வளையாமல் கோணாமல் இருக்கிற சிப்பாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கித் தந்தார். அண்ணனிடம் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இவர் புருவத்தைத் தூக்கினார். துடிப்பாம் அது!

வரும் வழியில் எனக்கு ஒரு கண்ணாடியும் வாங்கினேன். போர்டுக்காக.

டிசம்பர் 8, ஞாயிறு

இரண்டு நாளாக இவருக்குச் சளி. நெஞ்சில் கரகர என்கிறது. உறிஞ்சி எடுப்பதும் ஆவி பிடிப்பதுமாக ஓடிவிட்டது. போர்டைத் தொடவில்லை. எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

சளி குறைந்தது. ஒட்ட உட்கார்ந்தேன்.

இந்த முறை அவரையும் திருப்பிப் படுக்கவைத்து, டிவி நன்றாகத் தெரிகிற மாதிரித் தலையணை வைத்தேன். "மேஸ்திரி, சரியில்லைன்னா சொல்லுங்க," என்றேன். சிப்பை வைத்தேன். சத்தமில்லை. முதல் மூலையில் ஒரு பொட்டு ஈயம். எதிர் மூலையில் ஒன்று. சத்தமில்லை. வரிசையை இழுக்கும்போது "ம்ம்" என்றார். பார்த்தேன். இரண்டு கால் ஒட்டியிருந்தது. உறிஞ்சி எடுத்தேன். அடுத்த வரிசை. "ம்ம்." அயர்னைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன். வாயை மூடிக்கொண்டார். நாற்பத்தெட்டுக் காலும் இப்படியே. திட்டாமல் வேலை வாங்கத் தெரியாது இந்த ஆளுக்கு.

மின்சாரம் கொடுத்தேன். விரலை வைத்தேன். சில்லென்று இருந்தது.

டிசம்பர் 14, சனி

கண்ணாடிக் காம்பில் போர்டை ஒட்டி, பேட்டரியைக் காதுக்குப் பின்னால் தொங்கவிட்டாயிற்று. என் புருவத்துக்கு ஓடுகிறது. அவருக்குப் போட்டுவிட்டேன். மூக்கிலேயே நிற்கிறது. தூக்கச் சொன்னேன். 'டிக்' என்றது டேப்லெட். இன்னொரு தரம் என்றேன். 'டிக்.'

அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. நான் கேட்டு அவர் சொன்னால், பொண்டாட்டி இட்டுக்கட்டினாள் என்பார்கள். நாளைக்குக் கேட்கட்டும் அவருடைய அண்ணன். இவர் 'போகமாட்டேன்' என்று சொல்வதை இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டுப் போகட்டும்.

டிசம்பர் 15, ஞாயிறு. கார்த்திகை கடைசி

மச்சாண்டார் வந்தார். கையில் ஆப்பிள். வாசலில் வேன்.

"இது என்ன அம்மிணி வெளையாட்டு?" என்றார், கண்ணாடியைப் பார்த்து.

"கேளுங்க மாமா. உங்க தம்பிதான? நீங்களே கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார், டேப்லெட்டைப் பார்த்தார். காது கேட்காதவரிடம் பேசுவது போலக் குனிந்து உரக்கக் கேட்டார். "வெள்ளீ... ஹோமுக்குப் போறயாப்பா?"

எழுத்து வரிசைகள் ஒளிர்ந்து ஒளிர்ந்து இறங்கின. டிக். ஒரு வரிசை நின்றது. டிக். 'போ' விழுந்தது.

"பாத்தீங்களா? பாத்தீங்களா மாமா? போகமாட்டேன்னு வரப்போகுது பாருங்க!" என்று நான் குதிக்கிறேன்.

டிக். 'றே'. டிக். 'ன்'.

போறேன்.

மச்சாண்டார் கையிலிருந்த பையை விட்டுவிட்டார். ஆப்பிள் ஹால் முழுக்க உருண்டது. நான் டேப்லெட்டைத் தட்டிப் பார்த்தேன். சென்சரைத் துடைத்தேன். புரோகிராமில் தப்பு என்று நினைத்தேன். என் புரோகிராமில் தப்பு இல்லை. இவர் கண் நேராக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"யாரக் கேட்டுப் போறேங்கறீங்க? விரலெல்லாம் வெந்து, கண்ணு போயி, கடைக்காரன் வாசல்ல நின்னு கத்தி மானங்கெட்டு இதச் செஞ்சு குடுத்தா, மொத மொதல்ல போறேங்கற வார்த்தையா வருது உங்களுக்கு? நீங்க பாரம்னு நான் சொன்னனா? ஒரு நாளாச்சும் சொன்னனா? சொல்லுங்க!"

டிக். டிக். நான் மூச்சுவிடாமல் கத்திக்கொண்டே இருக்கிறேன். எழுத்து ஒவ்வொன்றாக விழுகிறது.

கத்தாதே.

"கத்துவேன்! அப்படித்தான் கத்துவேன்! பேச வந்தவுடனே அதிகாரமா?"

நீ தூங்கல.

"நான் தூங்கறேன், தூங்காமப் போறேன்! அதப் பாக்கறதுக்குத்தான் கண்ணத் தொறந்து வெச்சிட்டிருக்கறீங்களா?"

ஆமா.

மார்ச்சிலிருந்து இந்த வீட்டில் நான் மட்டும்தான் கத்திக்கொண்டிருந்தேன். கத்தாதே என்று சொல்ல ஓர் ஆள் இல்லாமல், இவ்வளவு நாள் நானே பேசி நானே கேட்டுக்கொண்டிருந்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். எழுதிவிட்டேன், போதுமா?

மச்சாண்டார் நாற்காலியில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். "வெள்ளீ, உனக்கு ஒண்ணும் வெளங்காதுன்னு உன்ற மொகத்துக்கு நேராவே பேசிட்டேன்டா..."

தெரியும்.

"உனக்கு என்றா வேணும்? சொல்றா. என்ன வேணாலும் செய்யறேன்."

இந்த முறை எழுத்து விழ நேரமாயிற்று. களைத்துவிட்டார். புருவம் இரண்டு தரம் தவறி, மறுபடி பிடித்தது.

ராத்திரி வா.

மச்சாண்டாருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. "நான் தூங்கறதுக்குங்க மாமா," என்றேன். "ராத்திரில திருப்பிப் போடறதுக்கு உங்கள வரச் சொல்றாரு."

"வர்றேன்டா. இன்னிக்கே வர்றேன்."

நான் விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இவர் முன்னால் போய் நின்றேன். "அப்ப, போறேன்னு சொன்னது?"

வரிசைகள் இறங்கின. நான் இந்த முறை முந்திக்கொண்டு எதையும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

இருக்கேன்.

வாசலில் வேன்காரர் ஹாரன் அடித்தார். மச்சாண்டார் போய் அனுப்பிவிட்டு வந்தார். பிறகு நாங்கள் இரண்டு பேரும் மண்டிபோட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்த ஆப்பிளையெல்லாம் பொறுக்கினோம். தலைக்கு மேலே டிக், டிக் என்றது. எழுந்து பார்த்தோம்.

ஆப்பிள் எதுக்கு.

டிசம்பர் 16, திங்கள். மார்கழி ஒன்று

சிறுநீர், காய்ச்சல் எல்லாம் மச்சாண்டார் குறித்து வைத்திருக்கிறார். கோழிக் கிறுக்கல்.

விழித்துப் பார்த்தால் வெயில் ஜன்னலுக்கு மேலே ஏறிவிட்டது. ஒரு தரம்கூட எழுப்பவில்லை யாரும். பதறிக்கொண்டு ஹாலுக்கு ஓடினேன். "எழுப்ப மாட்டீங்களா மாமா? நேரத்துக்குத் திருப்பிப் போட்டீங்களா? முதுகப் பாத்தீங்களா?"

"எல்லாம் போட்டேன் அம்மிணி. அவன் சொல்லச் சொல்லப் போட்டேன். வெடியக்காலம் ஒரு சங்கதி எழுதுனான். எனக்கு ஒண்ணும் வெளங்கல. உன்கிட்டக் குடுக்கச் சொன்னான்."

பேப்பர் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார். இவர் எழுத்து எழுத்தாகச் சொல்ல, அவர் எழுத்துக்கூட்டி எழுதியது:

'வலது வரிசை. மூணாவது கால். ஈயம் பத்தல. ரிஜெக்ட்.'

என் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவர் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். மூன்றாவது காலில் ஈயம் பற்றவில்லைதான். வியாழக்கிழமை டிவியில் அதைப் பார்த்தபோதே தெரிந்திருக்கிறது இவருக்கு. அன்றைக்கு ஒரு 'ம்ம்' சொல்லியிருக்கக் கூடாதா? கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிட்டுக் கேட்டால், நான் களைத்துப்போயிருந்தேன் என்று விட்டுவிட்டாராம். என்ன திமிர் பாருங்கள்!

அயர்னைச் சூடு பண்ண வைத்திருக்கிறேன்.